தலையில் பெட்டி, கையில் ஸ்டியரிங்

பட்டாணி என்பது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. ஓர் இடத்தில் உட்கார வைத்தால் உருண்டுகொண்டே இருப்பாள் என்பதால் வீட்டில் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், உயரத்தைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. பேசினால் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும்.

மாடி வீட்டில் அவளுடைய பெரியம்மா குடும்பம் இருக்கிறது. பெரியம்மா மகனுக்குப் பெயர் மீசை. ஏழாம் வகுப்புப் பையனுக்கு மீசை எங்கிருந்து வரும்? பள்ளி நாடகத்தில் ராஜா வேடத்துக்காக ஒட்டிய மீசை, என்ன தேய்த்தும் வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. பெரியம்மா பல் டாக்டர். அவரே தன் கருவிகளை எல்லாம் எடுத்து வந்து பார்த்தும் முடியவில்லை. ஒரு வழியாக மீசை உதிர்ந்துவிட்டது. பெயர் உதிரவில்லை.

மீசையிடம் ஒரு பொக்கிஷம் இருந்தது. கார் பந்தய விளையாட்டுக்கான ஸ்டியரிங்! மேஜை விளிம்பில் வைத்துத் திருகி இறுக்கியிருப்பான். தரையில் ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் இருக்கும். கார் கரடுமுரடான பாதையில் ஏறினால் ஸ்டியரிங் கைக்குள் கடகடவென்று உதறும். வளைவில் திருப்பினால் அதுவும் நம்மோடு மல்லுக்கு நிற்கும்.

பட்டாணிக்கு அதை ஓட்ட வேண்டும் என்று கொள்ளை ஆசை. ஆனால் கால் எட்டாது. கால் எட்ட வேண்டும் என்று நாற்காலியில் சறுக்கிச் சறுக்கிக் கீழே போனால், தலை மேஜைக்கு அடியில் போய்விடும்.

“எங்கேடா அவ?” என்று ஒருநாள் பெரியம்மா தேடினார்.

“இதோ, வண்டி ஓட்டிட்டு இருக்கா” என்றான் மீசை. மேஜைக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

ஆக்ஸிலேட்டருக்கு அடியில் புத்தகங்களை அடுக்கிப் பார்த்தார்கள். ஓங்கி மிதித்ததும் புத்தகங்களோடு சேர்ந்து ஆக்ஸிலேட்டர் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது.

கடைசியில் மீசை அவளுக்கு ஒரு வேலை கொடுத்தான். “நீ பக்கத்துல உட்கார்ந்து ஹார்ன் அடி.”

“ஹார்ன் பட்டன் எங்கே?”

“வாயால அடி.”

பாவம், அவளும் ‘பாம் பாம்’ என்று அடித்துக்கொண்டுதான் இருந்தாள். அழுகை வராமல் இருக்கத்தான் சத்தமாக அடித்தாள் என்பது மீசைக்குத் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்கு ஒரு புது ஸ்டியரிங் வந்தது. வட்டமாக, லேசாக இருந்தது. மேஜை வேண்டாம், திருகு வேண்டாம், காலால் மிதிக்கவும் வேண்டாம். கையில் பிடித்துக் காற்றில் சாய்த்தாலே திரையில் கார் திரும்பும். வேகத்துக்கு வலது விரலடியில் ஒரு பட்டன், பிரேக்குக்கு இடது விரலடியில் ஒன்று.

பட்டாணி அதைக் கையில் வாங்கினாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டினாள். கால் எட்டுமா என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

“பிடிச்சிருக்கா?” என்று கேட்டார் கடைக்கார மாமா. “ஞாயித்துக்கிழமை கடையில போட்டி வைக்கிறேன். ஜெயிக்கிறவங்களுக்கு இந்த ஸ்டியரிங்கையே கொடுத்துடுவேன்.”

அன்றிலிருந்து பட்டாணி வேறு எதையும் நினைக்கவில்லை. பள்ளி விட்டதும் கடைக்கு ஓடி, வரிசையில் நின்று ஓட்டிப் பழகினாள். வீட்டில் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துப் பழகினாள்.

“தட்டைக் கீழ வைடி, சாம்பார் ஊத்தணும்” என்றார் அம்மா.

“வளைவு வருதும்மா, இப்ப நிறுத்த முடியாது!”

மீசைக்கு இதெல்லாம் சிரிப்பாக இருந்தது. “அதெல்லாம் ஒரு ஸ்டியரிங்கா? காத்துல கையை ஆட்டுற பொம்மை! நிஜ ஸ்டியரிங்ல ஓட்டுறவனுக்கு இது ஜுஜுபி. நான் வந்து ஜெயிச்சுக் காட்டுறேன் பாரு.”

“உன்கிட்டதான் ஒண்ணு இருக்கே, அண்ணா!”

“இருந்தா என்ன? எது உசத்தின்னு ஊருக்குத் தெரியணும்ல?”

பட்டாணிக்குப் பகீர் என்றது. இந்தத் தெருவில் மீசையைப் போல ஓட்டுகிறவர்கள் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் கால் வைக்க இடமில்லை. பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இருப்பது ஒரே ஸ்டியரிங் என்பதால் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓட்ட வேண்டும். ஒருவருக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டில் எது வேகமோ அது கணக்கு.

பட்டாணி முதல் வாய்ப்பில் எங்கும் இடிக்காமல் ஓட்டி முடித்தாள். அதுவரை ஓட்டியவர்களில் அவள்தான் வேகம்.

அடுத்து மீசை. கை விரல்களைச் சொடக்குப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நேர்ப் பாதையில் கார் அம்பாகப் பறந்தது. முதல் வளைவு வந்தது. கார் வெடுக்கென்று திரும்பிப் புல்லுக்குள் போய் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

“அய்யய்யோ!”

காரைப் பாதைக்குக் கொண்டு வந்தான். அடுத்த வளைவில் ஒரு சுவர். அதற்கடுத்த வளைவில், பந்தயம் பார்க்க வந்தவர்களுக்குப் போட்டிருந்த பெஞ்சு. நல்ல வேளை, விளையாட்டு என்பதால் பெஞ்சில் இருந்தவர்கள் தப்பித்தார்கள்.

கடை முழுக்கச் சிரிப்பு. “மீசை, அது ரோடு இல்லடா, தோட்டம்!” என்று ஒருவன் கத்தினான். “புல்லு வெட்டுற வண்டி போலிருக்கு!” என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பட்டாணி மட்டும் மீசையைப் பார்த்தாள். அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்த குண்டுப் பையன், “ஏன்டா என்னை இடிச்சிட்டே இருக்கே?” என்று முனகிக்கொண்டிருந்தான்.

ஏன் இடிக்கிறான்?

கார் இடது பக்கம் திரும்பினால் மீசையும் உடம்போடு இடது பக்கம் சாய்ந்தான். கார் வலது பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் சாய்ந்தான். காது போய்த் தோளைத் தொட்டது. பட்டாணிக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது.

வீட்டிலும் அவன் அப்படித்தான் சாய்வான். அந்த ஸ்டியரிங் மேஜையோடு மேஜையாக இறுகிக் கிடக்கும். இவன் எப்படிச் சாய்ந்தாலும் அது அசையாது. ஆனால் இது கையில் இருக்கிற ஸ்டியரிங். உடம்பு சாய்ந்தால் கையும் சாயும், ஸ்டியரிங்கும் சேர்ந்து சாயும். அவன் கொஞ்சம் திருப்பினாலும், ‘ஓ, நன்றாகத் திரும்பச் சொல்கிறான்’ என்று கார் புல்லுக்குள் பாய்ந்துவிடும்.

மீசை ஸ்டியரிங்கைக் கீழே வைத்தான். “இது ஒரு ஓட்டை ஸ்டியரிங். நான் ரெண்டாவது தடவை ஓட்டல” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

அவன் போனால் என்ன ஆகும்? வேறு யாரும் அவள் நேரத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. பரிசு பட்டாணிக்குத்தான். அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாலே போதும்.

அவளும் பேசாமல்தான் உட்கார்ந்தாள். ஆனால் மீசை வெளியே போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள். காது மடல் சிவந்திருந்தது. அது அவன் அழுகையை அடக்கும்போது மட்டும் நடப்பது. அண்ணன் அழுவதை வைத்துத் தான் ஜெயிக்க வேண்டுமா என்று நினைத்தாள். மனசு கேட்கவில்லை.

கடை ஓரத்தில் காலி அட்டைப் பெட்டிகள் குவிந்து கிடந்தன. அதில் சின்னதாக ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். மீசை படியில் உட்கார்ந்து செருப்பால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா, ஸ்டியரிங்ல ஒண்ணும் கோளாறு இல்ல. நீ சாயறே.”

“நானா? நான் எதுக்கு சாயறேன்?”

“திரும்பும்போதெல்லாம் உடம்போட சாயறே.”

“போடி, உளறாதே.”

பட்டாணி அட்டைப் பெட்டியை அவன் தலையில் வைத்தாள்.

“என்ன பண்றே?”

“ஆடாதே. கையில ஸ்டியரிங் இருக்குன்னு நெனச்சுக்கோ. வேகமாப் போறே. இடது பக்கம் பெரிய வளைவு வருது. திருப்பு!”

மீசை காற்றில் கையைத் திருப்பினான். பெட்டி தொப்பென்று விழுந்தது.

“பார்த்தியா?”

“காத்து அடிச்சுது.”

“சரி, காத்து நின்னுடுச்சு. இப்ப வலது பக்கம் வளைவு!”

தொப்!

மீசை கீழே கிடந்த பெட்டியையே பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். “இவ்ளோ நாளா நான் இப்படியா ஓட்டிட்டு இருக்கேன்?”

“ஆமா. வீட்ல ஹார்ன் அடிக்கும்போது எத்தனை தடவை என்னை இடிச்சிருக்கே தெரியுமா?”

மீசைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டாணிக்கும் வந்துவிட்டது. அவன் பெட்டியை எடுத்துத் தூசியைத் தட்டினான்.

“வா, உள்ளே போலாம். இது என் தலையிலயே இருக்கட்டும்.”

“எல்லாரும் சிரிப்பாங்களே!”

“இப்ப மட்டும் அழுதுட்டா இருக்காங்க?”

தலையில் பெட்டியோடு அவன் உள்ளே நுழைந்ததும் கடையே அதிர்ந்தது. கடைக்கார மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, இது ஹெல்மெட்டா?”

“ஆமா மாமா. ஸ்பெஷல் ஹெல்மெட்.”

மீசை ஓட்ட ஆரம்பித்தான். முதல் வளைவில் பெட்டி லேசாக ஆடியது, விழவில்லை. கார் பாதையிலேயே திரும்பியது. இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு. சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. பெட்டி அசையாமல் இருந்தது. கார் பறந்தது. அவன் முடித்ததும் மாமா திரையில் நேரத்தைப் பார்த்து விசிலடித்தார்.

பட்டாணியை விட வேகம்!

இப்போது பட்டாணியின் இரண்டாவது வாய்ப்பு. கை வேர்த்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நேர்ப் பாதையில் பட்டனை விடவே இல்லை. ஒவ்வொரு வளைவாகச் சறுக்காமல் தாண்டினாள். “பட்டாணி! பட்டாணி!” என்று எல்லோரும் கத்தினார்கள். கடைசி வளைவு மட்டும்தான் பாக்கி. மீசையை முந்தப் போகிறாள்! அந்தப் பரபரப்பில் அவளை அறியாமலே ஒரு காரியம் நடந்தது.

அவளும் சாய்ந்துவிட்டாள்.

கார் புல்லை உரசிவிட்டுப் பாதைக்கு வந்தது. அதற்குள் நேரம் போய்விட்டது. கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் தோல்வி தோல்விதானே.

மாமா ஸ்டியரிங்கை மீசையின் கையில் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பட்டாணியும் தட்டினாள். “நல்லா ஓட்டினே அண்ணா” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள். தெருவில் யாரும் பார்ப்பதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. வந்த கோபத்தில் ஒரு கல்லை எட்டி உதைத்தாள். கால் வலித்ததுதான் மிச்சம்.

“ஏய், நில்லு!” மீசை மூச்சிரைக்க ஓடி வந்தான். ஸ்டியரிங்கை அவளிடம் நீட்டினான். “பிடி.”

“வேணாம். நீதானே ஜெயிச்சே. பாவம் பார்த்துக் கொடுக்காதே.”

“பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் வீட்ல யார்கூட ரேஸ் விடறேன்னு நெனைக்கிறே? கம்ப்யூட்டர்கூட. தினமும் அதுகூடத்தான். ஜெயிச்சாலும் அது எதுவும் சொல்லாது, தோத்தாலும் சொல்லாது. போர் அடிக்குதுடி. இனிமே நீ இதுல ஓட்டு, நான் என்னோடதுல ஓட்டறேன். எது உசத்தின்னு அப்பத்தான் தெரியும்.”

பட்டாணி ஸ்டியரிங்கைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் சும்மா சொல்லவில்லை.

“தோத்தா அழ மாட்டியே?” என்று கேட்டாள்.

“யாரு, நானா? நட, பார்ப்போம்!”

இருவரும் மாடிப்படியில் தடதடவென்று ஏறினார்கள். மீசை திரையை இரண்டாகப் பிரித்தான். மேல் பாதியில் அவன் கார், கீழ் பாதியில் அவள் கார். அவன் மேஜை முன்னால் உட்கார்ந்தான். அவள் கட்டிலில் காலை மடித்து ஏறி உட்கார்ந்தாள். பெரியம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “என் நாற்காலியில பல்லு பிடுங்க வர்றவங்ககூட இவ்ளோ சத்தம் போட மாட்டாங்க!” என்றார். யார் காதிலும் விழவில்லை.

மீசையின் ஸ்டியரிங் உதறியது. பட்டாணியின் ஸ்டியரிங் காற்றில் மிதந்தது. இவள் முந்தினாள், அவன் முந்தினான். மறுபடி இவள் முந்தினாள். கடைசி வளைவில் அவள் முதுகெலும்பை நேராக நிமிர்த்திக்கொண்டு, பல்லைக் கடித்துத் திருப்பினாள்.

பட்டாணியின் கார் எல்லைக்கோட்டை முதலில் தாண்டியது.

மீசை நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினான். அவன் முகம் முழுக்க அப்படி ஒரு சந்தோஷம்.

“இன்னொரு தடவை!” என்றான். இத்தனை நாளில் அவனால் அதை யாரிடமும் கேட்க முடிந்ததே இல்லை.