அழித்த பக்கம் பேசும்!

"அய்யோ... பிரஸ்ஸை நிறுத்துங்கடா!"

ஓசூர் சிப்காட்டில், அந்தத் தொழிற்சாலையின் மூன்றாவது ஷெட்டே நடுங்கியது.

யாரோ ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அடித்தார்கள்.

லேட்!

இருநூறு டன் பிரஸ்ஸுக்குள் குனிந்து அச்சைத் துடைத்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் மாதப்பன், உயிரோடு இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து...

இன்ஸ்பெக்டர் சென்றாயன் கம்ப்யூட்டர் அறைக்குள் நின்றிருந்தார். அவருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஏழாம் பொருத்தம்!

"இந்தப் பொண்ணு எழுதின கெர்னல்தான் சார் ஆளைக் கொன்னுடுச்சு!" மேனேஜர் சென்னகிருஷ்ணன் விரலை நீட்டினார். இடுப்பில் பேஜர் மின்னியது.

"கெர்னல்னா?"

"பிரஸ்ஸை ஆட்டி வைக்கிற மூளை சார். உள்ளே ரெண்டு ப்ராசஸர். மெமரியைப் பக்கம் பக்கமா வெச்சிருக்கும். வேலை முடிஞ்ச பக்கத்தைக் காலி பண்றப்போ மத்தது நுழையாம லாக் போடணும். லாக் போட்டா ஸ்பீடு குறையுதுன்னு இவ போடாமயே எழுதினா. ஒண்ணு படிச்சிட்டிருக்கறப்பவே இன்னொண்ணு பக்கத்தைக் காலி பண்ணிடுச்சு... பிரஸ் கண்டதைப் படிச்சு இறங்கிடுச்சு! வேணாம்னு அப்பவே மெமோ குடுத்தேன் சார்!"

எதிரே முனிலட்சுமி. பர்கூர்க்காரி. இருபத்து நாலு வயது. அழுது சிவந்த கண்கள்.

"ஏம்மா, வெளிய ஜீப் நிக்குது. சொல்றதுன்னா இப்பவே சொல்லு!"

"சார்... பந்தியில கடைசி ஆள் எந்திரிக்காம இலையை எடுப்பாங்களா?"

"எடுத்தா அடிதான் விழும்!"

"என் முறையும் அதேதான் சார். லாக் கிடையாது. ஆனா காத்திருக்கும்! படிக்கிற ப்ராசஸர் முடிச்சுட்டு எந்திரிக்கிற வரைக்கும், அழிச்ச பக்கம் அப்படியே இருக்கும். சிவப்புப் பொத்தான் அடிச்சதுல இருந்து பிரஸ் ப்ராசஸர் உறைஞ்சு போய் உக்காந்திருக்கு. இன்னும் எந்திரிக்கவே இல்ல!"

"அதனால?"

"பிரஸ்ஸை இறக்குன்னு யாராவது டெர்மினல்ல ஆர்டர் குடுத்துட்டு அழிச்சிருந்தா... குடுத்த டெர்மினல் நம்பரோட அந்தப் பக்கம் இன்னும் உள்ள இருக்கணும் சார்!"

சென்றாயன் நிமிர்ந்தார்.

விபத்து இல்லை... கொலையா?

பட்! கரண்ட் போனது. யு.பி.எஸ். கீச்... கீச்... என்று கத்த ஆரம்பித்தது.

"எவ்ளோ நேரம் தாங்கும்?"

"பத்து நிமிஷம் சார். ஆஃப் ஆனா மெமரியில ஒண்ணும் மிஞ்சாது!"

முனிலட்சுமி விசைகளைத் தட்டினாள். பிரிண்டர் அலறிக்கொண்டு தாளைத் தள்ளியது.

"மிஷினை ஆஃப் பண்ணணும் சார்! சேஃப்டி ரூல்!" சென்னகிருஷ்ணனின் நெற்றியில் வியர்வை.

"யாரும் எதையும் தொடக் கூடாது!"

"பக்கம் வருது சார்..." முனிலட்சுமி தாளை நோக்கிக் குனிந்தாள். "டெர்மினல் நம்பர்..."

சென்னகிருஷ்ணன் பாய்ந்தார்!

யு.பி.எஸ். வயர் பிய்ந்து அவர் கையோடு வந்தது. திரை செத்தது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் திம்மப்பன், கன்னடத்தில் வைதுகொண்டே அவரைத் தரையோடு அமுக்கினார்.

"ஏன்யா பிடுங்கினே?" சென்றாயன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "சொல்லு!"

சென்னகிருஷ்ணன் உடைந்தார்.

"ஜூஜுவாடி பார்டர்ல... பெங்களூர் கம்பெனி ஆளுகிட்ட டிசைன் ஃப்ளாப்பி குடுத்தேன். மாதப்பன் பார்த்துட்டான் சார். யூனியன்ல சொல்றேன்னான்... அவன் குனிஞ்ச நேரத்தை என் ரூம் கண்ணாடி வழியாப் பார்த்து, அங்கிருந்தே ஆர்டர் குடுத்தேன்..."

திம்மப்பன் விலங்கை மாட்டினார். சென்றாயன் ஆவலாகப் பிரிண்டர் தாளைக் கிழித்தார்.

பூஜ்யம். பூஜ்யம். தாள் முழுக்கப் பூஜ்யம்!

"என்னம்மா இது?"

"அந்தப் பக்கம் அழிச்ச அப்பவே காலி சார். மேனேஜர் மெமோ குடுத்தாரில்ல... போன வாரமே என் முறையை எடுத்துட்டு லாக்கைப் போட்டுட்டேன். இப்பல்லாம் அழிச்ச உடனே சுத்தமாயிடும்."

முனிலட்சுமி ஃபைலிலிருந்து ஒரு தாளை நீட்டினாள். மாற்றத்துக்கான அனுமதிப் படிவம். கீழே சென்னகிருஷ்ணனின் கையெழுத்து!

அவர் முகம் வெளிறியது. "நான்... படிக்காமயே போட்டுட்டேன்..."

"இதை முதல்லயே காட்டியிருந்தா உன் மேல சந்தேகமே வந்திருக்காதேம்மா?"

"காட்டியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன் சார்." அவள் கண்கள் நிறைந்தன. "பக்கம் காலின்னு தெரிஞ்சு, கொன்னவனும் தப்பிச்சிருப்பான். கம்பெனி பஸ்ல தினமும் எனக்கு சீட் பிடிச்சு வெக்கறது மாதப்பண்ணன்தான்..."

சென்றாயன் அந்தப் படிவத்தை வாங்கிப் பத்திரமாக மடித்து வைத்தார்.

மாலை. ஸ்டேஷன்.

வாக்குமூலத் தாளை மேஜையில் வைத்தார்கள். சென்னகிருஷ்ணன் பேனாவை வாங்கி, நேராகக் கடைசி வரிக்குப் போனார்.

சென்றாயன் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன அவசரம் சார்? இதையாவது படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க!"