தொட்டி நிறையத் தண்ணீர்

புதுத் தொட்டியில் விளிம்பு தொட நிரப்பி வைத்த தண்ணீர் விடிந்து பார்த்தபோது ஒரு சாண் இறங்கியிருந்தது.

அம்சவள்ளி குனிந்து சமையல் மேடைக்கு அடியில் கையை விட்டுத் தடவினாள். முட்டுக் கொடுத்திருந்த பலகையில் ஈரம் இல்லை. தரையில் ஒரு சொட்டு இல்லை. புது சிமெண்டு, குடித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தண்ணீர் கட்டி வைத்தால் சிமெண்டு குடிக்கும், குடித்தால்தான் இறுகும் என்று கொத்தனார் கொளஞ்சியப்பனே சொன்னானே! இன்னொரு குடம் கொண்டுவந்து ஊற்றினாள். ஊற்றும்போதுதான், காலங்காத்தாலே அவன் பெயரை நினைத்துத் தொலைத்தோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சங்கராபுரத்தில் அவள் இருந்த தெருவில் நின்றபடி சமைக்கிற மேடை வேறு யார் வீட்டிலும் கிடையாது. தரையில் குந்தி அடுப்பு ஊதி, பாத்திரங்களைக் கொல்லைக்குத் தூக்கிப்போய்த் துலக்கித் துலக்கி அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கணவன் வெங்கடேசன் சின்னசேலம் ரயில் நிலையத்தில் வேலை பார்ப்பவன். அவனை நச்சரித்துச் சம்மதம் வாங்கினாள். அதிலும் ஒரு பிடிவாதம். மேடையும் பாத்திரம் கழுவும் தொட்டியும் ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும், இடுக்கில் அழுக்கு சேரக் கூடாது என்றாள். கொத்தனார் கொளஞ்சியப்பன் தலையைச் சொறிந்தான்.

"செஞ்சிடலாம்க்கா. ஆனா கைய வச்சா நடுவுல வுடக்கூடாது."

அவன் சொன்னது சரிதான். பலகை அடித்து, கம்பி கட்டி, தொட்டி வரவேண்டிய இடத்தில் வெளிப்பக்கம் எண்ணெய் தடவிய ஒரு அலுமினிய அன்னக்கூடையை மணல் நிரப்பி உட்காரவைத்தான். தண்ணீர் போகிற ஓட்டைக்காக அடியில் ஒரு துண்டு வாழைத்தண்டு. சுற்றிலும் கான்கிரீட்டைக் கொட்டிக் குத்தி இறக்கினான். கலவை இறுகத் தொடங்குகிற பதத்தில் கூடையைத் திருகி வெளியே எடுத்து, உள்பக்கத்தைச் சிமெண்டுப் பால் விட்டு வழித்துவிட வேண்டும். பதம் தவறினால் கூடை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். அப்புறம் மொத்த மேடையையும் உடைத்துப் போட வேண்டியதுதான்.

முந்தின நாள் மத்தியானம் அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் மாயவன் வந்தான். கொளஞ்சியப்பன் மனைவியின் தம்பி. மலையடிவாரத்திலிருந்து சைக்கிள் மிதித்த வேகத்தில் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"யக்கா, மாமா பொண்ணுக்கு ராத்திரியில இருந்து பேதி நிக்கல. கண்ணு உள்ள போயிடுச்சி. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போவணும். மாமாவ ஒடனே வூட்டுக்கு வரச் சொல்லுங்க. நான் போயி வண்டி பாக்கறேன்."

"சொல்லிடறேன், நீ போ."

சொல்லத்தான் போனாள். சத்தியமாகச் சொல்லத்தான் சமையலறைக்குள் போனாள். முழங்கைவரை சிமெண்டோடு அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னாக்கா?"

அவள் மேடையைப் பார்த்தாள். பாதி வார்த்து நின்றது. கூடையின் விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் கலவை பளபளத்தது.

"ஒண்ணுமில்ல. டீ போடட்டுமா?"

கூடையை எடுக்கிறவரைதானே, குழந்தைகளுக்குப் பேதி வராதா போகாதா, மாயவன் வண்டி பிடிக்கவே நேரமாகும் என்று என்னென்னவோ சமாதானம். டீ கொடுத்தாள். அவன் ருசித்துக் குடித்தான். வெயில் சாய்கிற நேரத்தில் கூடை ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது. உள்பக்கத்தை வழித்து, விளிம்புக்குச் சிவப்புக் காவி தேய்த்து, "பாத்தீங்களா, வழவழன்னு!" என்று அவன் சிரித்த பிறகுதான் சொன்னாள்.

"கொளஞ்சி, இப்பத்தான் மாயவன் வந்து சொல்லிட்டுப் போனான்."

இப்பத்தான். அந்த ஒரு வார்த்தை. அவன் கையைக் கழுவாமல் ஓடினான்.

அன்று பிற்பகலிலிருந்தே ரோடுகளில் மரங்கள் விழ ஆரம்பித்திருந்தன. இட ஒதுக்கீடு கேட்டு மறியல். புளியமரங்கள் குறுக்கே சாய்ந்து கிடக்க, பஸ் நின்றது, லாரி நின்றது. சின்னசேலத்துக்குப் போன வெங்கடேசனும் அங்கேயே மாட்டிக்கொண்டான். அம்சவள்ளியும் நாலு வயது மகள் செந்தமிழ்ச்செல்வியும் மட்டும் வீட்டில். பஸ் சத்தம் இல்லாத ரோடு எவ்வளவு பெரிய அமைதி என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

தண்ணீர் இறங்கியிருந்த அதே காலையில் பால்கார ஆண்டாள் வந்து சேதி சொன்னாள்.

"கேட்டியா அம்சா? ஒங் கொத்தனாரு பொண்ணு போயிடுச்சி. மரத்தத் தாண்டித் தாண்டித் தூக்கிக்கினு ஓடியிருக்கான் பாவி. மறியல் பண்ண பசங்களே ஆளுக்கொரு கை புடிச்சித் தாண்டி வுட்டாங்களாம். பாதி வழியிலயே அடங்கிடுச்சி."

அம்சவள்ளி கையிலிருந்த பால் சொம்பைக் கீழே வைத்தாள்.

"தண்ணி தண்ணின்னு கேட்டுக்கினே இருந்திச்சாம். பேதிக்குத் தண்ணி குடுத்தா ஜாஸ்தியாவும்னு பெரியவங்க தடுத்திட்டாங்களாம். ஒரு வாய் குடுக்கல. மத்தியானமே கெளம்பியிருந்தா பஸ்சு இருந்திச்சி. சேதி லேட்டாப் போச்சாமே?"

"யாரு சொன்னா லேட்டுன்னு?"

"மாயவன் வந்தாத்தான் தெரியும். அவனத்தான் வண்டி தேடப்போன எடத்துல மறியல் கூட்டத்தோட சேத்து வேன்ல ஏத்திட்டாங்களே. ஜெயில்ல கெடக்கறான்."

அதைக் கேட்டதும் அம்சவள்ளிக்கு நெஞ்சு லேசானது. மாயவன் வெளியே வரும்வரை யாருக்கும் தெரியாது. அடுத்த நொடியே தன் நெஞ்சைத் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் வந்தது. ச்சீ, பிள்ளை செத்துக் கிடக்கிறது, எனக்கு நிம்மதி வருகிறதே, நானெல்லாம் ஒரு பொம்பளையா?

மறுநாள் மதியம் செல்வி கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். தெரு முழுக்க வெயில். அந்த அமைதியில் சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. பூனை நக்குகிற சத்தம் என்று முதலில் நினைத்தாள். இல்லை. தண்ணீரில் உதட்டை வைத்து இழுத்து உறிஞ்சுகிற சத்தம். நிற்கும். யாரோ மூச்சு வாங்குவதுபோல் ஓர் இடைவெளி. மறுபடி உறிஞ்சும். அவசரம் அவசரமாக, யாராவது வந்து பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தோடு குடிக்கிற சத்தம்.

போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. தண்ணீர் பாதிக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. பச்சை சிமெண்டின் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை, நோய்ப்பட்ட குழந்தையின் துணியில் வருகிற புளித்த வாடை. காவி தேய்த்த விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். நேற்று இல்லை. எட்டாத உயரத்தில் இருப்பதைக் கால் எம்பித் தொங்கிப் பிடித்தால் விரல்கள் எப்படிப் பதியும், அப்படி. நகத்தால் குத்திப் பார்த்தாள். நகம்தான் ஒடிந்தது. அவள் கைக்குக் கல்லாக இருக்கிற சிமெண்டு இன்னொரு கைக்குச் சேறாக இருந்திருக்கிறது.

அவளுக்குப் பைத்தியமே பிடித்ததுபோல் ஆனது. சொம்பால் மொண்டு மொண்டு தொட்டியைக் காலி செய்தாள். துணியால் ஒற்றி எடுத்தாள். வெடித்தால் வெடிக்கட்டும், நாசமாய்ப் போகட்டும், இனி ஒரு சொட்டுகூட ஊற்ற மாட்டேன் என்று கதவைச் சாத்தினாள்.

அன்று சாயங்காலம் செல்வி கேட்டாள். "அம்மா, தண்ணி."

ஒரு சொம்பு குடித்தாள். இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்தாள். குடித்த வாயோடு உதட்டை நாக்கால் தடவினாள், நாக்கு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. மறுநாள் குடம் குடமாகக் குடித்தாள். வயிறு உப்பவில்லை, ஒன்றுக்குப் போகவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போனது. தெருக்கோடி கம்பவுண்டர் வந்து நாடி பார்த்து, "உடம்புச் சூடு, இளநி குடு" என்றார். இளநீரும் போன இடம் தெரியவில்லை. அம்சவள்ளி ஓடிப்போய்த் தொட்டியை மறுபடி நிரப்பினாள். கையெடுத்துக் கும்பிட்டாள். "இத குடிம்மா, எம் பொண்ண வுட்டுடும்மா" என்று அழுதாள். தொட்டித் தண்ணீர் அசையவே இல்லை. அது வேறு இடத்தில் குடிக்கப் பழகிவிட்டது.

இனி ஒரே வழிதான். கொளஞ்சியப்பனிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லிக் காலில் விழ வேண்டும். அவன் மன்னித்தால் அந்தப் பிள்ளையும் மன்னிக்கும். சொன்னால் செல்வி பிழைப்பாள். இதை அவள் மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டாள். ஆனால் அவன் வீடு மலையடிவாரத்தில். இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எத்தனை மரங்களைத் தாண்டுவது?

அவனே வந்தான். விளக்கு வைக்கிற நேரம். நடந்தே வந்திருந்தான். முழங்கைவரை அன்றைய சிமெண்டு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. கழுவவே இல்லை.

"வேலய பாதியில வுட்டுட்டுப் போயிட்டேன்க்கா. அந்த வாழத்தண்டப் புடுங்கி வுட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"கொளஞ்சி..."

"நீங்க இன்னா பண்ணுவீங்க? சேதி வந்த ஒடனே சொன்னீங்க. அதுக்குள்ள மரத்த சாச்சிட்டாங்க."

சொல்லடி. இப்போது சொல்லடி. அவள் வாயைத் திறந்தாள். "உக்காருப்பா" என்றுதான் வந்தது.

அவன் உட்காரவில்லை. சமையலறைக்குள் போய்த் தொட்டிக்கு அடியில் கைவிட்டு வாழைத்தண்டை உருவி எடுத்தான். அழுகிக் கறுத்திருந்தது. அடியில் ஓட்டை, அவள் கட்டை விரல் நுழைகிற ஓட்டை. தொட்டி நிறையத் தண்ணீர்.

தண்ணீர் இறங்கவில்லை.

ஓட்டைக்குக் கீழே ஒரு சொட்டு விழவில்லை. தண்ணீர் அப்படியே நின்றது. அவன் ஆச்சரியப்படவும் இல்லை. விளிம்பில் இருந்த பள்ளங்களை ஒவ்வொன்றாகத் தடவினான். தன் சுண்டுவிரலை அதில் பொருத்திப் பார்த்தான். பிறகு குடத்தை எடுத்து ஊற்றத் தொடங்கினான். நிறைந்த தொட்டி வழியவில்லை. குடம் காலியானது. அடுத்த குடம். அதுவும் காலி. அண்டாவைச் சாய்த்தான்.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "அம்மா... தண்ணி."

அம்சவள்ளி அலறினாள்.

"கொளஞ்சி! மாயவன் மத்தியானமே வந்தான். நான்தான் சொல்லல. மேட வீணாப் போயிடும்னு சொல்லல. நான் பாவி, என்ன கொன்னு போடு. எம் பொண்ண மட்டும் வுடச் சொல்லு!"

அவன் திரும்பவில்லை.

"தெரியும்க்கா. எம் பாப்பா சொல்லிச்சி."

அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். கால் சில்லென்றிருந்தது. அவன் அண்டாவின் கடைசித் தண்ணீரையும் ஊற்றினான். கோபமே இல்லாத குரலில் பேசினான்.

"ஒரு வாய் குடுக்கட்டுமான்னு நான் அழுது கேட்டேன்க்கா. வேணாம்னுட்டாங்க. நானும் கேட்டுக்கினு சும்மா இருந்திட்டேன். இனிமே இல்லன்னு சொல்ல மாட்டேன்."

அவள் கூடத்துக்கு ஓடினாள்.

செல்வி பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் திறந்திருந்தன. வெடித்த உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. அம்சவள்ளி அவளை மடியில் சாய்த்து வாயருகே காதை வைத்தாள். காற்றுகூட இல்லை. உதடு மட்டும் விரிந்து, சேர்ந்து, விரிந்தது.

"அம்மா, தண்ணி."

செல்வியின் குரல். அவள் மகளின் குரலேதான். ஆனால் சமையலறையிலிருந்து. தொட்டிக்கு அடியிலிருந்து, அந்த ஓட்டைக்குள்ளிருந்து.

மடியில் கிடந்த பிள்ளையின் உதடு மறுபடி அசைந்தது.

"அம்மா, தண்ணி."

"இந்தா கண்ணு" என்றான் கொளஞ்சியப்பன் உள்ளேயிருந்து. "குடி."