அப்பா இல்லை என்று சொன்னவன்

தலையணை ஈரமாக இருந்தது.

மதிய வகுப்பு முடிந்து ஹாஸ்டல் அறைக்குள் நுழைந்த பால்வண்ணநாதன் கூரையை அண்ணாந்து பார்த்தான். ஒழுகல் இல்லை. வெளியே மலைப்பக்கமிருந்து சாரல் சன்னமாக இறங்கிக்கொண்டிருந்தாலும் ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. குனிந்து முகர்ந்தபோது, பல நாள் தண்ணீரில் ஊறிக் கிடந்த துணியின் அழுகல் நாற்றமும், அதற்கு அடியில் காய்ச்சிய மூலிகை எண்ணெயின் வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறின.

அந்த எண்ணெய் வாடை அவனுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம்.

பயம் வரவில்லை. முதலில் வந்தது வெட்கம்தான். யாரும் பார்ப்பதற்குள் உறையைக் கழற்றிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் மூலைக் கட்டிலில் காய்ச்சலோடு போர்த்திப் படுத்திருந்த பிரின்ஸ் தலையைத் தூக்கினான். கீழப்பாவூர்க்காரன், கள்ளம் கபடம் இல்லாதவன்.

"ஏலே, ஒன்னத் தேடி ஆள் வந்துச்சு. முழிச்சுப் பாக்கேன், ஒன் கட்டில்ல ஒருத்தர் உக்காந்திருக்காரு. கைலி, தோள்ல துண்டு, உடம்பெல்லாம் ஈரம், மொகம் சரியாத் தெரியல. யாரு வேணும்னு கேட்டா பேசவே மாட்டேங்காரு. தலையணையப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தாரு. சித்தப்பாவாலே?"

"ஆமா," என்றான் பால்வண்ணநாதன். பொய் சொல்வது இந்த ஆறு வாரத்தில் அவனுக்கு எளிதாகிவிட்டிருந்தது.

முதல் பொய் கல்லூரியின் முதல் நாளில். ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று சொல்லச் சொன்னார்கள். அவனுக்கு முன்னால் எழுந்தவன் பிரணவ், சென்னை. அப்பா வங்கி மேனேஜர், தாத்தா காலத்தில் இதே தென்காசிதான் என்று சரளமாக முடித்துவிட்டு உட்கார்ந்தான். அடுத்தது இவன். வாசுதேவநல்லூர் என்பது வரைக்கும் வாயில் வந்தது. அதற்கு மேல் குற்றாலத்துப் பேரருவிதான் கண்முன் நின்றது. ஜட்டியோடு கல்தரையில் குப்புறக் கிடக்கும் தொந்திக்காரர்கள். அவர்கள் முதுகில் இருபது வருஷமாகப் பட்டுப்பட்டென்று எண்ணெய் தட்டும் அய்யாக்குட்டி, அவன் அப்பா.

"அப்பா இல்ல, மிஸ்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மிஸ் கரிசனமாகக் கேட்கவும், அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தபோது அடித்துக்கொண்டு போய்விட்டது, அஞ்சு வருஷம் ஆகிறது, உடம்புகூடக் கிடைக்கவில்லை என்று சேர்த்துச் சொன்னான். அன்றிலிருந்து சீனியர்கள் அவனைச் சீண்டவில்லை. பிரணவ் தன் நோட்டைக் கொடுத்தான், பார்டர் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போய்த் தன் தட்டில் இருந்த கோழியை இவன் தட்டுக்குத் தள்ளினான். இவன் தட்டை விட்டுத் தலை நிமிராமல் தின்றான்.

அப்பாவிடம், ஹாஸ்டலுக்கு யாரும் வரக்கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தான். அதை மீறி வந்திருக்கிறார். மொட்டைமாடிக்குப் போய் போன் போட்டான். அந்தப் பக்கம் அருவியின் இரைச்சல்.

"எதுக்குப்பா ஹாஸ்டலுக்கு வந்திய?"

"நான் எங்கய்யா வந்தேன்? சீசன்ல்லா, காலையில இருந்து இங்கனதான் நிக்கேன்." பிறகு அவரே கேட்டார், "நீ வேண்டாம்னு சொன்ன பெறகு வருவனாய்யா?"

போனைத் துண்டித்தான். கீழே இறங்கும்போது, படிக்கட்டில் ஈரக் கால்தடங்கள். ஏறிப்போனவை. திரும்பி இறங்கியவை எதுவும் இல்லை. பின்னால் திரும்பிப் பார்க்காமல், கைப்பிடியைப் பற்றியபடி விறுவிறுவென்று இறங்கினான்.

அடுத்த சனிக்கிழமை வகுப்புப் பையன்கள் எல்லோரும் குற்றாலத்துக்குக் கிளம்பினார்கள். தலைவலி என்று சொல்லிப் பார்த்தான், பரீட்சை என்று சொல்லிப் பார்த்தான், பிரணவ் விடவில்லை. தண்ணீரைக் கண்டால் பழைய ஞாபகம் வரும்தான், ஆனால் நாங்கள் எல்லாம் கூட இருக்கிறோம் என்று தோளில் கை போட்டான். அந்தக் கையைத் தட்டிவிட அவனுக்கு மனசு வரவில்லை.

பகல் இரண்டு மணிக்கே மலை இருட்டிக் கிடந்தது. முகத்தில் பூத்தூறலாக விழுந்த சாரலும், நனைந்த குரங்குகளும், வெந்த சோளத்தின் மணமும், பேரருவியின் ஓயாத உறுமலும் ஒன்றாகக் கலந்து காதையும் கண்ணையும் மந்தமாக்கின. மதில் ஓரமாக எண்ணெய்க் கிண்ணங்கள். நாலாவது கிண்ணத்துக்குப் பின்னால் அய்யாக்குட்டி.

மகனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பக்கத்தில் நின்ற பையன்களைப் பார்த்ததும் அப்படியே அடங்கியது. வாடிக்கைக்காரரைப் பார்ப்பதுபோல் பொதுவாக ஒரு பார்வை பார்த்தார். அதைவிட அவர் அறைந்திருக்கலாம்.

பிரணவ் நேராக அவர் முன்னால் போய் உட்கார்ந்தான். எண்ணெய் இறங்க இறங்க அவனுக்குப் பேச்சு வந்தது.

"சூப்பர் அண்ணாச்சி. அடுத்து நம்ம பாலுவுக்கு நல்லா தேச்சு விடுங்க. பாவம், அவனுக்கு அப்பா கிடையாது. இதே அருவியிலதான் போயிட்டாராம்."

கைகள் நின்றன.

அருவி மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. அய்யாக்குட்டி நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

"எப்ப தம்பி?"

பிரணவ் பார்க்கிறான். பிரின்ஸ் பார்க்கிறான். இப்போது சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல்.

"அஞ்சு வருஷம் ஆச்சு," என்றான் பால்வண்ணநாதன்.

அவர் தலையசைத்தார். பிரணவின் முதுகை முடித்து, தட்டி அனுப்பினார். பிறகு, உட்காருங்க தம்பி, ஒரு டீ குடிச்சிட்டு வந்துருதேன் என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுத் துண்டால் கையைத் துடைத்தபடி போனார். முதன்முறையாக அப்பா அவனைப் பன்மையில் அழைத்திருந்தார்.

நண்பர்கள் அருவிக்கு ஓடினார்கள். அவன் அந்தக் கல்லில் உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கண்ணை மூடினான். எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது, ஓடினால் இனி எப்போதும் அப்பாவின் முகத்தில் விழிக்க முடியாது என்றும் இருந்தது.

உச்சந்தலையில் எண்ணெய் விழுந்தது. ஐஸாகக் குளிர்ந்த எண்ணெய்.

வந்துவிட்டார். டீ குடிக்காமலே வந்துவிட்டார். விரல்கள் நெற்றிப் பொட்டில் இறங்கி, காதுக்குப் பின்னால் போய், பிடரியைப் பிசைந்தன. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிசைந்த அதே முறை. அவனுக்கு அழுகை முட்டியது.

"மன்னிச்சிருங்கப்பா. வாய் தவறிச் சொல்லிட்டேன்."

விரல்கள் பிசைந்தன. ஆனால் விரலின் தோல் விரலோடு நிற்கவில்லை. எலும்பு ஒரு பக்கம் நகர, தோல் தனியாகத் தளர்ந்து பின்னால் வந்தது. நீரில் வெகுநாள் கிடந்த தோல். எண்ணெயை மீறி அழுகல் நாற்றம் எழுந்தது. கழுத்தில் சொட்டியது எண்ணெய் இல்லை. தண்ணீர்.

கண்ணைத் திறந்தான்.

எதிரே டீக்கடை. அங்கே அய்யாக்குட்டி. கையில் டீ கிளாஸ். வாய்க்குக் கொண்டுபோகாமல் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். சாரலுக்கு நடுவே, அந்தத் தூரத்தில், அவருக்கு எது எவ்வளவு தெரிந்ததோ. யாரோ ஓர் ஆள் தன் கல்லில் நின்று மகனுக்கு எண்ணெய் தேய்க்கிறான் என்று மட்டும்தான் தெரிந்திருக்கும்.

எழப் பார்த்தான். முடியவில்லை. பெருவிரல்கள் இரண்டும் தாடைக்கு அடியில் வந்து பூட்டின.

வெட்கம் போயிற்று. எல்லாம் போயிற்று.

"அப்பா!"

ஊரே கேட்கக் கத்தினான். அருவிக்கடியில் நின்ற பையன்கள் திரும்பினார்கள். பிரின்ஸ் திரும்பினான். பிரணவ் திரும்பினான்.

அய்யாக்குட்டி அவர்களைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் பிள்ளை தலைகுனியக் கூடாது. கிளாஸைக் கீழே வைத்தார். துண்டை எடுத்துத் தலையோடு முக்காடு போட்டுக்கொண்டு, தன்னை யாரும் கூப்பிடவில்லை என்பதுபோல், கூட்டத்துக்குள் நடந்தார்.

"அப்பா! அப்பா!"

துண்டு தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு சாரல்.

"ஏன்யா," என்று காதோரம் தண்ணீர் கொப்பளிக்கிற குரல் கேட்டது. "இங்கனதான இருக்கேன்."

ஈரக்கைகள் இரண்டும் மெதுவாக முன்னால் வந்து, அவன் கண்களைப் பொத்தின.