கேர்ன்டாடியில் கதவு நிற்பதில்லை

கதவு புல்லின் மேல் மல்லாந்து கிடந்தது.

வேலியோரம் காரை நிறுத்திவிட்டு இறங்கிய இஷ்பெல் கெட்டஸ் முதலில் கண்டது அதைத்தான். உர மூட்டை வைக்கும் பழைய குடிசைக்குப் போட்ட புதுக் கதவு. பச்சைப் பெயின்ட் வாடைகூட இன்னும் போகவில்லை. காற்று பிடுங்கி எறிந்திருந்தால் கீல் வளைந்திருக்கும், மரம் பிளந்திருக்கும். இங்கே எதுவும் உடையவில்லை. கழற்றிய திருகாணிகளை யாரோ வாசற்படியில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள். காலையிலிருந்து கொட்டிய பனியில் டர்னிப் கிழங்கு வயல் முழுக்க வெளுத்துக் கிடந்தது. கதவின் மேல் மட்டும் பனி இல்லை.

அவளுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. டண்டீ நகரில் பஸ் ஓட்டுகிறவள், கோபத்துக்குப் பேர்போனவள். அம்மா செத்த பிறகு அந்தக் கோபத்துக்கு ஒரு திசை கிடைத்திருந்தது. அம்மாவின் முன்னோர் உழவுக் கூலிகள். ஒப்பந்தம் முடிய முடியப் பண்ணை மாறிக்கொண்டே இருந்த ஜனங்கள். அவர்களைத் தேடி லீவு கிடைத்தபோதெல்லாம் இந்தப் பக்கத்துக் கல்லறைகளில் அலைந்தாள். கடைசியில் கேர்ன்டாடி பண்ணையில் வந்து நின்றாள்.

நூற்று முப்பது வருடங்களுக்கு முன்பு இங்கே ஏர் ஓட்டிய ஜேம்ஸ் மட்ச்சைக் குதிரை உதைத்துக் கொன்றது. ஆள் போனால் பண்ணை கொடுத்த குடிசையும் போக வேண்டும் என்பது அன்றைய வழக்கம். மனைவி பெல், மூன்று சின்னப் பிள்ளைகளுக்கும் காய்ச்சல், இப்போது நகர முடியாது என்றாள். பண்ணைக்காரர் வாதாடவில்லை. ஆள் அனுப்பிக் கதவைக் கழற்றிக்கொண்டு போனார். அன்று இரவு பனிப்புயல் அடித்தது. நான்கு பேரும் உள்ளேயே விறைத்துப் போனார்கள். மூத்த மகள் கிரிசல் மட்டும் எங்கோ வேலைக்குப் போயிருந்ததால் பிழைத்தாள். கிரிசலின் பேத்திதான் இஷ்பெலின் அம்மா.

பண்ணை வீடு மேட்டில் இருந்தது. அதே குடிசையின் வாசலில் நின்று பார்த்தால் அதன் சமையலறை ஜன்னல் நேர் எதிரே தெரியும். அந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்தபோதே அவளுக்குப் பல் நறநறத்தது.

இப்போதைய பண்ணைக்காரி நெட்டா லீஸ்க் கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் தேநீர் ஊற்றினாள். அவள் கணவன் அலிக், எழுபது வயது, உட்காரவே இல்லை. இஷ்பெல் கேட்டது ஒன்றுதான்: குடிசைச் சுவரில் ஒரு கல், அதில் நான்கு பெயர்கள். செலவு அவளுடையது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே கிடந்த கதவு அவள் வாயைத் திறந்துவிட்டது.

"உங்க கொள்ளுத்தாத்தா ஒரு தடவை கழட்டினது போதலையா? நான் வர்றேன்னு தெரிஞ்சு இன்னிக்கும் கழட்டிப் போட்டிருக்கீங்க."

அலிக் முகம் சிவந்தது. தான் அதைத் தொடவில்லை என்றார். தன் அப்பா காலத்திலிருந்தே அங்கே கதவு நிற்பதில்லையாம். இரும்பில் போட்டாலும் விடிந்தால் புல்லில் கிடக்கும். திருகாணி மட்டும் தொலையாது. அதற்குள் நெட்டா அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறினார்.

"கல்லு வை பொண்ணே, நான் தடுக்கல. ஆனா முழுசா எழுது. நாலு பேரு இல்ல, அஞ்சு. உன் கிரிசல் எங்க வேலை பார்த்தான்னு யாராச்சும் சொன்னாங்களா?"

அலிக் அடுப்பைச் சுட்டிக் காட்டினார்.

"இங்க. இதே அடுப்படியில. எங்க தாத்தா அப்ப பத்து வயசுப் பையன், கூடவே உட்கார்ந்திருந்தாரு. கீழ இருந்து அவ அம்மா ராத்திரி பூரா பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கா. வெளிய போனா வேலை போயிடும்னு எஜமானர் சொன்னாரு. இவ போகல. எங்க ஆளு பாவிதான், நான் மறைக்கல. உன் ஆளு யாரு?"

பொய் என்றாள் இஷ்பெல். பணக்காரன் கட்டிய கதை, பதினைந்து வயதுப் பெண்ணின் தலையில் பழியைக் கட்டும் வேலை என்றாள். கோப்பையை வைத்த வேகத்தில் தேநீர் மேசையெங்கும் சிந்தியது. இருட்டப் போகிறது, இப்போது கீழே போகாதே என்று நெட்டா வாசல்வரை வந்து கெஞ்சினாள். காதில் வாங்காமல் இறங்கினாள்.

டிசம்பரில் அந்தப் பக்கம் பிற்பகல் தேநீர் நேரத்திலேயே பொழுது சாய்ந்துவிடும். அவள் குடிசைக்கு வந்தபோது வானமும் வயலும் ஒரே சாம்பல் நிறமாகி, வேலிக் கம்பிகள் மட்டும் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. உள்ளே உர மூட்டைகளின் காரமான நெடி, அதன் அடியில் பழைய கரியின் கசப்பு, அதற்கும் அடியில் நனைந்த கம்பளியும் காய்ச்சல்காரப் பிள்ளையின் படுக்கையும் கலந்தாற்போல ஒரு வாடை, மூக்கில் ஏறி நாக்கில் இறங்கியது. மேல் கோட்டை இறுக்கிக்கொண்டு அணைந்த அடுப்பின் முன் நின்றாள். அந்தக் கிழவன் சொன்னதை இங்கேயே பொய்யாக்கிவிட வேண்டும் என்ற வெறி. பெல் முதல் குட்டி மெக் வரை நான்கு பெயர்களையும் உரக்கச் சொன்னாள். குரல் சுவரில் மோதித் திரும்பவில்லை. சுவர் அதை வாங்கிக்கொண்டது.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. உலர்ந்த பட்டாணியைத் தகர டப்பாவில் போட்டு மெல்லக் குலுக்குவது போல. எலி என்று நினைத்தாள். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்தது. கொஞ்சம் நின்று, மறுபடி வந்தது. இப்போது இரண்டு இடங்களிலிருந்து. அப்புறம் மூன்று. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பல். சின்னப் பற்கள் குளிரில் அடித்துக்கொள்ளும் சத்தம்.

"கிரிசலா?"

குழந்தைக் குரல். அவள் இடுப்பளவு உயரத்திலிருந்து.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் குரலில் அத்தனை ஏக்கம் இருந்தது. இத்தனை காலம் யாருக்காகக் கொதித்தாளோ, அவர்களே கேட்கிறார்கள். கோபம் கரைந்து, குரல் வந்த பக்கம் குனிந்தாள்.

"கிரிசல் இல்ல கண்ணு. கிரிசலோட ரத்தம். அவ பேத்தி பொண்ணு நான்."

பற்கள் நின்றன.

எல்லாம் நின்றது. காற்றும்.

மூட்டைகளுக்குப் பின்னால் யாரோ பெரியவர் ஒருவர் எழுந்திருப்பது கேட்டது. விறைத்த பாவாடை மொடமொடத்தது. நிதானமாக. அவசரமே இல்லாமல். இருட்டில் முகம் தெரியவில்லை. ஆனால் அங்கிருந்து வந்தது என்ன என்று இஷ்பெலுக்குத் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க அதைத் தன் நெஞ்சில் சுமந்தவள் அவள். கோபம். அவளுடையதைவிடப் பழையது. பண்ணைக்காரன் மேல் இல்லை அது.

வாசலுக்குப் பாய்ந்தாள்.

வாசலில் தடை எதுவும் இல்லை. வெறும் திறப்பு. ஒரு கால் வெளியே வைத்துவிட்டாள். அப்போது கோட்டுக்குள் ஒரு கை நுழைந்தது. சின்னக் கை. பனிக்கட்டி போன்ற விரல்கள் அக்குளுக்குள் புகுந்து சூட்டைத் தேடின. இன்னொன்று கழுத்தில். இன்னொன்று வயிற்றில், சட்டைக்கு அடியில். இழுக்கவில்லை. ஒட்டிக்கொண்டன. சூடு அவளை விட்டு இறங்கிப் போவது தெரிந்தது. முதலில் விரல்கள். பிறகு முழங்கை. பிறகு நாக்கு.

மேலே ஜன்னலில் வெளிச்சம் இருந்தது.

"நெட்டா!" என்று கத்தினாள். "அலிக்!"

யாரோ ஜன்னலருகே வந்தார்கள். நெட்டா இல்லை. வெளிச்சமும் மின்விளக்கு இல்லை. எரியும் அடுப்பின் சிவப்பு. வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒரு பெண், பதினைந்து வயது இருக்கும். கன்னங்கள் அனலில் சிவந்திருந்தன. அவள் முகம் இஷ்பெலின் முகம்.

அவள் கீழே பார்த்தாள். நேராக. கதவில்லாத வாசலை, அதில் பாதி வெளியே நின்றவளை, நீட்டிய கையை எல்லாம் பார்த்தாள்.

இஷ்பெல் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கிரிசல். கிரிசல். காதருகே இன்னொரு குரலும் சேர்ந்து கூப்பிட்டது.

மேலே அந்தப் பெண் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். ரொட்டியைப் பிட்டாள். ஆவி பறக்கும் சூப்பில் தோய்த்தாள். கண்ணை எடுக்காமல், மெதுவாக, மென்று தின்றாள்.