சரிபார்த்தவர்: சின்னவர்

அன்று மதியம் அந்த அறைக்குள் இருந்தவர்கள் இவர்கள்தான்: இரத்தப் பரிசோதனை நிலையத்தின் தலைவரான பெரியவர், அவருடைய மகன், மறைந்துபோன தம்பியின் மனைவி, கணினிகளைக் காவல் காக்க அமர்த்தியிருந்த, பணியாளர்கள் பூட்டுக்காரி என்று அழைக்கும் பெண், இரத்தம் எடுக்கும் ஊசி அண்ணன். வேறு யாரும் இல்லை. தானும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் எல்லாம் வெளியே கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் பார்த்தது மூடிய கதவை மட்டுமே.

பெரியவர் வழக்கம்போல் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு வந்து, வாசல் கதவின் கைரேகை பார்க்கும் கண்ணாடிச் சில்லில் விரலை வைத்தார். கதவு திறந்தது. வெளியே மழை மேகம் கட்டி, பகலே மங்கிப்போயிருந்தது. கூடம் நிறைய ஆட்கள், பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தார்கள். அவரைக் கண்டதும் எழுந்து நிற்கிறவர்கள் அன்று எழவில்லை. அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

கணினிகள் இருக்கும் உள்ளறைக்குச் சின்னவர் அறை என்று பெயர். இந்த நிலையத்தின் இணைப்புகளை எல்லாம் தன் கையால் அமைத்தவர் சின்னவர், பெரியவரின் ஒரே தம்பி. போன வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டார். சக்கரம் வைத்த அவருடைய வேலை நாற்காலி, அவர் தள்ளிவிட்டு எழுந்த கோணத்திலேயே இன்னும் கிடந்தது. எப்போதும் இரைந்துகொண்டிருக்கும் கணினி விசிறிகள் நின்றுபோய், அறையின் அமைதி காதை அடைத்தது.

"யாரோ கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து எல்லாத்தையும் பூட்டிட்டாங்க," என்றாள் பூட்டுக்காரி. "ஒரு ரிசல்ட் கூடத் திறக்காது. சாவி வேணும்னா பேரத்துக்கு வான்னு எழுதிப் போட்டிருக்காங்க. மேல பரவாம இருக்க எல்லா வயரையும் பிடுங்கிட்டேன்."

"இதுக்குத்தான் உங்களைச் சம்பளம் கொடுத்து வெச்சிருக்கோமா?" என்றார் பெரியவர்.

"யாரும் உடைச்சுக்கிட்டு வரலைங்க. முன்வாசல் வழியா மாப்பிள்ளை மாதிரி வந்திருக்காங்க. சின்னவர் பேருல."

ஊசி அண்ணன் தொண்டையைச் செருமினார். "காலையில முன்கூடத்துத் திரையில வந்துச்சுங்க. 'சின்னவர் உள்ளே வந்திருக்கிறார்'னு. அதைப் பார்த்த கையோட ஊசி போட்டேன், ஒரு அம்மா இன்னும் என்னைத் திட்டிக்கிட்டு இருக்காங்க."

அந்த வாசகம் சின்னவரே எழுதி வைத்தது. யார் தன் பெயரைச் சொல்லிக் கணினிக்குள் நுழைந்தாலும் முன்கூடத்துத் திரை அறிவிக்கும். அவர் இருந்தவரை தினமும் முதலில் வருவது அவர் பெயர்தான்.

அவர் போன பிறகு அந்தப் பெயரை நீக்கிவிடச் சொல்லிப் பூட்டுக்காரி கேட்டாள். "ஆள் இல்லாத வீடு மாதிரிங்க அது. எவனாவது குடியேறிடுவான்," என்றாள். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார்: "இந்தக் குடும்பத்துல யார் பேரையும் அழிச்சுப் பழக்கமில்லை." அன்று அந்தப் பதில் அவருக்கே பிடித்திருந்தது. இரண்டு மூன்று இடங்களில் அதைத் திருப்பிச் சொல்லியும் இருக்கிறார்.

"கடவுச்சொல் எப்படிக் கிடைச்சுது?" என்றான் மகன்.

"ஏதோ ஆன்லைன் கடையிலயும் உங்க சித்தப்பா இதே கடவுச்சொல்லை வெச்சிருந்திருக்கார்," என்றாள் பூட்டுக்காரி. " அந்தக் கடையை எவனோ உடைச்சு, அள்ளினதை வித்திருக்கான். ஆனா அது மட்டும் போதாது. அவர் போன்ல 'ஆம்'னு அழுத்தினாத்தான் கதவு திறக்கும்."

மாடியில் குடியிருந்த தம்பி மனைவி, மடியில் பொத்தி வைத்திருந்த கணவரின் போனை மெல்ல வெளியே எடுத்தாள். ஒரு நாளும் அதில் மின்சாரம் தீர அவள் விட்டதில்லை.

"ஒரு வாரமா அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அத்தான்," என்றாள், உதடு மட்டும் அசைய. "எடுத்துப் பார்த்தா, 'உள்ளே வருவது நீங்கள்தானா?'ன்னு கேக்குது. வெக்கறேன், திரும்பவும் கேக்குது. வாசல்ல அவரு நின்னுக்கிட்டு கேக்கற மாதிரி இருந்துச்சு. இன்னைக்குக் காலையில ஆமான்னுட்டேன்."

"அதான்கா அவனுங்க வித்தை," என்றாள் பூட்டுக்காரி, குரலைத் தாழ்த்தி. "யாராவது சலிச்சுப்போய் அழுத்தற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பானுங்க."

"நான் சலிச்சுப்போய் அழுத்தலம்மா."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலுக்கு மேல் அவருடைய அப்பாவின் பெயர் செதுக்கிய கல் இருந்தது. வீட்டுப் பெண்ணே திருடனுக்குக் கதவு திறந்தாள் என்று ஊர் பேசும். அந்தக் கல்லைப் பார்த்துச் சிரிக்கும். தம்பியைப் பறிகொடுத்தபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

"வீட்டுப் பொண்ணு பேரு வெளிய வரக்கூடாது," என்றார். "டேய், ஒரு அறிவிப்பு அடி. கணினிப் பணியாளரின் கவனக்குறைவால் இந்தத் தவறு நேர்ந்தது. அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்."

பூட்டுக்காரி அவரையே பார்த்தாள். "என்னையா சொல்றீங்க?"

"உங்களை யாருக்குத் தெரியும்? நாலு நாள்ல மறந்துடுவாங்க."

"எனக்கும் அப்பா இருக்காருங்க. அவருக்கும் மானம் இருக்கு."

"அப்பா," என்றான் மகன், "அவங்க ரிசல்ட்டையெல்லாம் நகல் எடுத்துத் தனியா கழட்டி வெச்சிருந்தது இருக்கறதாலதான் இந்த இடத்தைத் திரும்பத் திறக்கவே முடியும்."

"அடிடான்னேன்."

பிறகு பூட்டுக்காரியிடம் சொன்னார்: "போறதுக்கு முன்னால தம்பி பேரை கம்ப்யூட்டர்லேர்ந்து அழிச்சுட்டுப் போங்க."

தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். பூட்டுக்காரி ஒரு கணினியை மட்டும் தனியாக உயிர்ப்பித்து விசைகளைத் தட்டினாள். "அழிச்சாச்சு," என்றாள். பெரியவர் தம்பி மனைவியிடமிருந்து போனை வாங்கி, தன் கையாலேயே அணைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மகன் தன் சொந்த மடிக்கணினியில் அறிவிப்பை அடித்தான். எந்த இணைப்பிலும் சேராத கணினி அது. அச்சு இயந்திரத்துக்கு ஒரே ஒரு வயர்.

காகிதம் வெளியே வந்தது. பெரியவர் படித்தார்.

'எங்கள் குடும்பத்தின் கவனக்குறைவால் இந்தத் தவறு நேர்ந்தது.'

"என்னடா அடிச்சிருக்கே?"

"நீங்க சொன்னதைத்தாம்பா." மகன் திரையைத் திருப்பிக் காட்டினான். திரையில் அவர் சொன்னதுதான் இருந்தது.

இன்னொரு முறை அச்சிட்டார்கள்.

'எங்கள் குடும்பத்தின் கவனக்குறைவால்.'

இந்த முறை அடியில் இன்னொரு வரியும் இருந்தது.

'சரிபார்த்தவர்: சின்னவர்.'

அந்த வரி இல்லாமல், அவர் இருந்தவரை, இந்த நிலையத்திலிருந்து ஒரு முடிவும் வெளியே போனதில்லை. பொய் ரிசல்ட் இந்த வாசலைத் தாண்டக்கூடாது என்பார். தன் அண்ணன் சொன்னாலும் கேட்கமாட்டார்.

ஊசி அண்ணன் மூக்கை உறிஞ்சினார். "இருமல் மிட்டாய் வாசனை வருது," என்றார் மெதுவாக.

சின்னவர் ஓயாமல் வாயில் அடக்கிக்கொண்டிருந்த மிட்டாய் அது.

நாற்காலியின் சக்கரம் கிறீச்சிட்டது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியவரின் நெஞ்சோரம் ஏதோ துடித்தது. சட்டைப்பைக்குள் வெளிச்சம் தெரிந்தது. அணைத்த போன்.

எடுத்தார்.

'உள்ளே வருவது நீங்கள்தானா?'

"அவனுங்களா?" என்றார் பூட்டுக்காரியிடம். குரல் அவருடையது போலவே இல்லை.

"வயரே இல்லைங்க," என்றாள். "அந்தப் பேரும் இல்லை."

தம்பி மனைவி அருகில் வந்தாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் எதிரே நின்று எதுவும் கேட்டறியாதவள். "ஆமான்னு சொல்லுங்க, அத்தான்," என்றாள். "உங்க கூடப் பிறந்தவருதானே."

ஆம் என்றால் அந்தக் காகிதத்தையும் ஒப்புக்கொண்டதாகும். பெரியவர் வாசல் கல்லை ஒருமுறை பார்த்தார்.

'இல்லை' என்பதில் விரலை வைத்து அழுத்தினார்.

போன் இருண்டது. மிட்டாய் வாசனை போய்விட்டது. அவர் மூச்சு விட்டார்.

அப்போது, கதவின் சிறு கண்ணாடி வழியே தெரியும், வயர் பிடுங்கிக் கிடந்த முன்கூடத்துத் திரை வெளிச்சம் போட்டது. கூடத்தில் இருந்தவர்களும் இதை மட்டும் பார்த்தார்கள், அதை நான் மறுக்கவில்லை.

'பெரியவர் வெளியே போய்விட்டார்.'

அறிவிப்பைப் பெரியவர் கடைசியில் தன் கையாலேயே எழுதி ஒட்டினார். பூட்டுக்காரியின் மேல்தான் பழி. அவளுக்கு வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை என்று கேள்வி. குடும்பத்தின் பெயருக்கு ஒரு கீறலும் இல்லை. அவள் வைத்துவிட்டுப் போன நகலிலிருந்து எல்லா முடிவுகளையும் மீட்டார்கள். கணினிகள் புதிது, வயர்கள் புதிது, காவலுக்கு ஆளும் புதிது. ஆனாலும் வெளியே போகும் ஒவ்வொரு தாளின் அடியிலும் 'சரிபார்த்தவர்: சின்னவர்' என்ற வரி இருக்கிறது. அதை எடுக்கத் தெரிந்தவர் இதுவரை யாரும் வரவில்லை.

வாசல் கதவும் பெரியவரின் விரலை ஏற்பதில்லை. கதவுப் பெட்டியை மாற்றியும் பார்த்தார்கள். மற்றவர்கள் எல்லோருக்கும் திறக்கிறது. அவர் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு காலையில் வந்து விரலை வைத்துவிட்டு, உள்ளேயிருந்து யாராவது பார்த்துத் திறக்கட்டும் என்று காத்திருக்கிறார்.

சின்னவரின் ஆவி அந்தக் கட்டடத்தில் இடமில்லாமல் அலைகிறது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. சின்னவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். வாசலில் நிற்பவர் பெரியவர்.