பெரியப்பாவுக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர்

குருவியின் வீட்டில் மூன்று பேர். பெரியப்பாவையும் சேர்த்தால் நான்கு.

பெரியப்பா சாப்பிட மாட்டார், தூங்க மாட்டார். கூடத்து மூலையில் சுவரில் சாய்ந்தபடி நிற்பார். ஏனென்றால் அவர் ஒரு டபுள் பாஸ். வயலினை ஊதிப் பெரிதாக்கி, அம்மாவை விட உயரமாக வளர்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருப்பார். அம்மா அவரைக் கட்டிப்பிடித்தபடி நின்று தந்திகளை இழுத்தால், "தும்... தும்..." என்று தரைக்கு அடியிலிருந்து வருவது போல ஒரு குரல் எழும்பும். அவர் பக்கத்தில் நின்றால் அம்மாவின் பத்து வயது மகள் ஒரு குருவி மாதிரி தெரிவாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இரண்டு மாதமாகப் பெரியப்பா எந்தக் கச்சேரிக்கும் போகவில்லை. பியானோவும் டிரம்ஸும் சேர்ந்தால் அவர் குரல் அமுங்கிவிடும். கூடவே ஒரு ஸ்பீக்கர் வேண்டும். அம்மாவின் ஸ்பீக்கரோ இருபத்திரண்டு கிலோ. அதைப் படியேற்றும்போதுதான் அம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "இனிமே கனம் தூக்கவே கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா பஸ் ஓட்டுகிறவர். கச்சேரி நாட்களில்தான் அவருக்கும் வேலை அதிகம். பெரியப்பாவைப் படியேற்றவே குழுவில் இருக்கும் மற்ற இருவரும் வேண்டும்.

சனிக்கிழமை காலையில், குழுவில் பியானோ வாசிக்கும் மாமா போன் செய்தார்.

"அக்கா, நாளைக்கு லைப்ரரியில கச்சேரி. வருவீங்களா? முடியலைன்னா வேற ஆளைப் பாக்கணும். சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க."

அம்மா போனை வைத்துவிட்டு, பெரியப்பாவின் தோளில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். "வேற ஆளையே பாக்கச் சொல்லிடறேன்" என்றார்.

"சின்ன ஸ்பீக்கர் கிடைக்காதாம்மா?"

"சின்னதுல இந்தக் குரல் எங்கடி வரும்? யானையைக் குடத்துல அடைக்கிற கதைதான்."

"போய்த்தான் பாப்போமே. பெரியப்பாவையும் கூட்டிட்டுப் போலாம்."

"கடைக்கா? அவர் எதுக்கு?"

"செருப்பு வாங்கப் போறப்போ காலை வீட்லயா வெச்சுட்டுப் போவோம்?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பெரியப்பாவின் காலில் சக்கரத்தை மாட்டி இருவரும் தெருவில் உருட்டிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் கதவை அகலத் திறந்துவிட்டார். பெரிய ஸ்பீக்கர் ஒன்றைத் தட்டிக் காட்டினார்.

"இதை எடுத்துக்கங்கம்மா. அடுத்த தெரு வரைக்கும் கேக்கும்!"

"எனக்கு அடுத்த தெரு வேண்டாங்க. கடைசி வரிசைக்குக் கேட்டாப் போதும். கனம் எப்படி?"

"லேசுதான்."

"அப்போ நீங்க தூக்கிக் காட்டுங்க மாமா" என்றாள் குருவி.

கடைக்காரர் தூக்கினார். நாலடி நடப்பதற்குள் முகம் தக்காளிப்பழம் ஆகிவிட்டது. "அதாவது... என் சின்ன வயசுல லேசு" என்று கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

அடுத்தது உண்மையிலேயே லேசு. ஆனால் அதில் பெரியப்பாவுக்கு ஜலதோஷம் பிடித்தது போல இருந்தது.

மூன்றாவது பெட்டி ஒரு தலையணை அளவுதான். ஆறு கிலோ. கடையில் வேலை செய்யும் அண்ணன் அதைப் பெரியப்பாவுக்குப் பின்னால் தரையில் வைத்து, பெரியப்பாவின் உடம்பில் பொருத்தியிருந்த சின்ன மைக்கின் வயரை அதில் செருகினார். அம்மா ஒரு தந்தியை இழுத்தார்.

"தும்..."

அதே குரல்! அம்மாவின் புருவம் உயர்ந்தது. ஆனால் அடுத்த நொடியே அந்தக் குரல் "ஊஊஊ..." என்று ஊளையாக மாறிவிட்டது. குருவி காதைப் பொத்திக்கொண்டாள்.

"சின்னதுன்னா அப்படித்தாம்மா கத்தும்" என்றார் கடைக்காரர்.

அம்மாவின் முகம் வாடிப்போனது. "எடுத்து வெச்சிடுப்பா. நாங்க கிளம்பறோம்" என்றபடியே, மனசு கேட்காமல் கடைசியாக ஒரு தந்தியை இழுத்தார். மறுபடியும் ஊளை. வயரைக் கழற்ற மறந்த அண்ணன் பெட்டியைத் தூக்கி, அலமாரிப் பக்கம் திரும்பினார்.

ஊளை நின்றது. "தும்" மட்டும் சுத்தமாக ஒலித்தது.

வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"அண்ணா, அசையாதீங்க!" என்று கத்தினாள் குருவி. "அம்மா, இப்போ வாசிங்க!"

அம்மா வாசித்தார். ஊளையே இல்லை. ஒரு பாட்டு முழுக்க வாசித்தார். அண்ணன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு சிலை போல நின்றார்.

"கீழ வெச்சப்போ அது பெரியப்பா முதுகைப் பாத்துச் சத்தம் போட்டுச்சும்மா. அந்தச் சத்தத்தையும் அவர் வாங்கி மறுபடி பெட்டிக்கே அனுப்பினார். அதான் ஊளை. இப்போ உயரத்துல, வேற பக்கம் பாத்துட்டு இருக்கு!"



"பாப்பா, நான் இன்னும் எவ்வளவு நேரம் இப்படி நிக்கணும்?" என்றார் அண்ணன் பரிதாபமாக.

"ஐயோ, மறந்தே போச்சு!" குருவி ஓடிப்போய் மூலையில் கிடந்த முக்காலியை இழுத்து வந்து அவர் முன்னால் போட்டாள். "கை வலிக்குதாண்ணா?"

"ஒரு பாட்டு முழுக்கத் தூக்கி வெச்சிருந்தேன். வலியே இல்ல" என்றார் அண்ணன், வியப்போடு.

அம்மா கடைக்காரரைப் பார்த்தார். "இதையே குடுத்துடுங்க."

பிறகு பியானோ மாமாவுக்குப் போன் செய்தார். "வேற ஆள் வேண்டாம் தம்பி. நானே வரேன்."

மறுநாள் லைப்ரரியில் இருபத்தாறு படிகள். பியானோ மாமாவும் டிரம்ஸ்காரரும் பெரியப்பாவைத் தூக்கிக்கொண்டார்கள். ஸ்பீக்கரைக் குருவி எடுத்துக்கொண்டாள். பாதியில் ஒரே ஒருமுறைதான் கை மாற்றினாள்.

"என் ஸ்கூல் பையும் கிட்டத்தட்ட இதே கனம்தாம்மா!"

அரங்கில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, அதன் மேல் பெட்டியை வைத்துப் பக்கவாட்டில் திருப்பினாள். அம்மா எப்போதும் போல ஒரு கணம் கண்ணை மூடினார். அவர் மனதுக்குள் என்ன வேண்டிக்கொள்வார் என்று குருவிக்குத் தெரியும்: 'கேக்கறவங்க மனசு கொஞ்சமாவது லேசாகணும், கடவுளே.'

குருவி கடைசி வரிசைக்கு ஓடினாள். கதவருகே, கூட்டிப் பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். "இங்க வந்து உக்காருங்கக்கா" என்று தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"தும்... தும்... தும்..."

மேடையிலிருந்து அம்மா அவளைப் பார்த்தார். குருவி கையை உயர்த்தி ஆட்டினாள். நன்றாகக் கேட்கிறது! அம்மாவின் முகம் மலர்ந்தது.

அக்காவின் கால் தானாகத் தாளம் போட்டது. "அடேயப்பா, நெஞ்சுக்குள்ளயே கேக்குதே! அதை வாசிக்கறது யாரும்மா?"

குருவி நிமிர்ந்து நின்றாள்.

"எங்கம்மா" என்றாள். "அந்தப் பெட்டியைப் படியேத்தினது நான்."