மூடாமல் ஒடித்த சாட்டை

மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் எலாதியோவின் கை பட்ட இடமெல்லாம் கறுத்தது. சோற்றுப் பானையின் மூடி, கருவாட்டுத் தட்டு, ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் மனைவி மெர்லிண்டா அனுப்பிய வெள்ளைத் தலையணை உறை, எல்லாவற்றிலும் கறை. கைதான் அழுக்கு என்று நினைத்தான். ஆனால் தலையணையில் கறை இருந்தது, தூங்கும்போது வாய் பதியும் இடத்தில்.

பிலிப்பைன்ஸின் நீக்ரோஸ் தீவில் ஜனவரிக்குப் பிறகு ஒரு சொட்டு மழை இல்லை. கரும்பைப் பிடிக்கும் கரிப்பூட்டை நோய்க்கு அதுதானே கொண்டாட்டம்! நட்ட கரணைக்குள்ளேயே பதுங்கியிருக்கும் அந்தப் பூசணம், ஈரம் இருக்கும்வரை மூச்சுக் காட்டாது. வெயில் காய்ச்சினால் கரும்பின் குருத்தைப் பிளந்துகொண்டு கறுப்புச் சாட்டையாக நீளும். மேலே மெல்லிய வெள்ளித் தோல், அது வெடித்தால் சாட்டை முழுக்கத் தூள். ஒரு காற்று போதும், ஊர்க் கரும்பெல்லாம் பாழ். அதனால்தான் விடியற்காலையில், பனி காயுமுன், சாட்டையின்மேல் சாக்கை மெல்லக் கவிழ்த்து, வாயைக் கட்டி, பிறகு அறுத்து எரிப்பார்கள்.

எலாதியோ ஒடித்தது மத்தியானம். வெறுங்கையால். சாக்கு தீர்ந்திருந்தது, வாங்கி வரும்வரை பொறுமையில்லை. இந்த விளைச்சல் தேறினால் மெர்லிண்டா ஒரேயடியாகத் திரும்பிவிடுவாள், ஆறு வருஷம் ஒற்றை ஆளாய்ச் சோறு பொங்கித் தின்றது போதும் என்ற அவசரம். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

பக்கத்து வயல்காரர் பஸ்தோர், அவன் 'நோங்' என்று கூப்பிடும் அண்ணன், பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடேய், புத்தி கித்தி இருக்கா? மூடாமயா ஒடிச்ச?"

"நாலே நாலுதான், நோங்."

"நாலாம், நாலு! காத்து எந்தப் பக்கம் அடிச்சுது?"

"என் மூஞ்சிக்குத்தான். உங்க கரும்புக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் சிரிக்கவில்லை. "மூக்கை நல்லாச் சிந்துடா" என்றவர், அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

பிறகு யாருமே வரவில்லை. பகல் முழுவதும் தகரக் கூரை வெயிலில் படபடக்க, நாலு புறமும் காய்ந்த தோகைகள் ஒன்றையொன்று உரசி ஏதோ குசுகுசுக்க, புழுதியும் புளித்த சாறும் கலந்த வாடையில் அவன் தனியே உட்கார்ந்து தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தான். வலியில்லை. நெல்லுமி ஒட்டியது போல ஓர் உறுத்தல், அவ்வளவுதான். தண்ணீர் குடித்தால் அடங்கியது. தொண்டை காய்ந்தால் அது மெல்ல மேலே ஏறியது. பத்தாம் நாள் குரல் போயிற்று. பன்னிரண்டாம் நாள் கிணற்றில் சேறுதான் வந்தது.

அன்று மூன்று மணிக்குக் கைப்பேசி அடித்தது.

"ஏ மனுசா! என்ன, சத்தத்தையே காணோம்? கோவமா?" மெர்லிண்டா. பின்னால் பஸ் ஹாரன். "எங்க இருக்கேன் சொல்லு பாப்போம்? நம்ம முக்கு ரோட்டுல! எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு வந்துட்டேன். இனிமே போகச் சொன்னாலும் போகமாட்டேன்."

வராதே என்று சொல்ல வாயைத் திறந்தான். உலர்ந்த தோகை உரசும் சத்தம்தான் வந்தது.

"அட, அழுவுறியா? இரு, இரு, வந்துட்டேன்."

குடத்தைக் கவிழ்த்தான். காலி. பானையில் ஒட்டியிருந்த ஈரத்தை நக்கினான். போதவில்லை. அடிநாக்கை எதுவோ தள்ளியது. அவளைத் தடுக்க வேண்டும். கையை ஆட்டியாவது.

வெளியே ஓடினான். வெயில். ஒற்றையடிப் பாதை. இரு பக்கமும் கரும்பு. பாதையின் கோடியில் அவள். இளைத்திருந்தாள், கையில் பெட்டி. பார்த்துவிட்டாள். எத்தனை ஆசையாய்ப் பார்த்தாள்!

போ, போ என்று ஒரு கையை வீசினான். மறு கையால் வாயைப் பொத்தினான். அவள் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

முதுகில் காற்று பட்டது. தோகைகள் எல்லாம் அவள் பக்கமாகச் சாய்ந்தன.

இரண்டு கையாலும் பொத்தினான். தாடை தானாகத் திறந்தது. விரலிடுக்கில் மெல்லிய வெள்ளித் தோல். அது வெடித்தது.

கறுப்பு.

வாயிலிருந்து முழ நீளச் சாட்டை வளைந்து ஆடியது. தூளைக் காற்று அள்ளிக்கொண்டு போனது. அந்தத் தூளுக்குள்ளே அவள் ஓடி வந்துகொண்டிருந்தாள், இரு கையும் விரித்து, அவன் பேரை வாய் நிறையக் கூப்பிட்டபடி.